அருவிக்கு மேலே புள்ளிக் கோடு

அண்ணா,

திங்கட்கிழமை காலையில், நான் மேப் நகல் எடுக்கும் கடைக்கு ஒரு தார்ப்பாய்ச் சுருள் வந்தது. கயிற்றை அவிழ்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மாடியில் எப்போதும் அமோனியா நெடிதான். பிரிண்ட் போடும் பெட்டியிலிருந்து வருவது. சேர்ந்த புதிதில் கண்ணில் நீர் வடியும், இப்போது பழகிவிட்டது. அந்த நெடியையும் மீறி, ஈர மூங்கில் எரிந்த புகை வாசம் வந்தது. கேம்ப்பில் அம்மா அடுப்பு மூட்டும்போது கிளம்புமே, அதே வாசம். உங்கள் சட்டையில் கடைசிவரை இருந்த வாசம்.

என்னோடு டிரேசிங் எடுக்கும் ஜெயாக்காதான் சுருளைப் பிரித்தார். "ஏ அம்மணி, பேயறஞ்ச மாதிரி என்ன நிக்கறே? இந்த முனையப் புடி" என்றார். பிடித்தேன். மேசை நீளத்துக்கு ஆறு விரிந்தது.

நம் ஆறுதான் அண்ணா. ஆனைமலைக் காட்டுக்குள், நாம் ஒரு கோடை முழுவதும் கூடாரம் போட்டுக் கிடந்த ஆறு. சர்வேயர் சார் பென்சிலால் போட்ட தாள்கள். ஏதோ அணை கட்டலாமா என்று பார்ப்பதற்காக அன்று அளந்தார்கள். பிறகு அந்த வேலை நின்று போனது. தாள்கள் எங்கோ அலமாரியில் தூங்கின. இப்போது மறுபடி கேட்கிறார்களாம். மையில் டிரேசிங் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். காந்திபுரத்தில் இத்தனை கடைகள் இருக்க, அது என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு தாளின் ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. அம்மாவின் கை. சார் சாப்பிட வராமல் வரைந்துகொண்டிருந்தால் அம்மா தட்டைக் கொண்டுபோய்த் தாளின் மேலேயே வைத்துவிடுவார், நினைவிருக்கிறதா? "ஏனுங்க சார், மலை எங்கீம் ஓடிப்போயராது. சோறு ஆறிப்போயிரும்" என்பார். சார் தலையில் அடித்துக்கொண்டு கறையைத் துடைப்பார்.

நான் எட்டாவதோடு நின்ற வருடம் அது. பல்லடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் அதை விட்டுவிட்டு சர்வே பார்ட்டியில் சேர்ந்திருந்தீர்கள். "தறிச் சத்தத்துல காது செத்துப்போச்சு, கொஞ்ச நாள் காட்டுல கெடந்தாச் சரியாயிரும்" என்றீர்கள். சமைக்க ஆள் வேண்டுமென்று அம்மாவைக் கூப்பிட்டபோது நானும் வருவதென்று முடிவானது. எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்கு ஒறம்பரை வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவில் எப்படி இருப்பது என்று அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். "அங்க மூஞ்சிய மூஞ்சி பாக்கறதுக்கே ஆளில்ல அம்மணி. உனக்குன்னே செஞ்ச ஊரு அது."

உண்மைதான். சார், ஜீப் ஓட்டும் மணியண்ணன், செடி வெட்டிப் பாதை செய்கிற இரண்டு பேர், நாம் மூவர். அவ்வளவுதான். மற்றதெல்லாம் மரம், அட்டை, தண்ணீர். இருவாச்சிப் பறவை தலைக்கு மேல் போகும்போது சிறகு அடிக்கும் சத்தம் கேட்டு நீங்கள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னீர்கள்: "போச்சு, இங்கீமு மேல எவனோ தறி ஓட்டறான்."

உங்கள் வேலை எனக்கு முதலில் வேலையாகவே தெரியவில்லை. ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு மரக்கட்டை. அதில் வரிசையாக அளவும் எண்ணும் எழுதியிருக்கும். ஸ்டாஃப் கட்டை என்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பாறை மேலும் பள்ளத்திலும் போய் நிற்பீர்கள். தூரத்தில் சார் மூன்று கால் வைத்த மிஷினில் ஒற்றைக் கண்ணால் உங்களைப் பார்த்து, கட்டையில் உள்ள எண்ணைப் படித்து எழுதுவார். அதிலிருந்து நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு உயரம் என்று தெரியும். ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்த்து ஒரு கோடு. அதற்கு மேல் இன்னொரு கோடு. அப்படித்தான் மலை தாளுக்கு வருகிறது என்று நீங்கள் சொன்னபோது, "நாள் முச்சூடும் நின்னதுக்கு இத்தனூண்டு கோடா?" என்று கேட்டேன்.

"நின்னாத்தான் கோடு. நான் நிக்காத எடத்துல போட்டா அது கோடு இல்ல அம்மணி, கோலம்" என்றீர்கள்.

ஒருநாள் மத்தியானம் சார் கை கழுவப் போயிருந்தபோது மணியண்ணன் என்னை மிஷினில் பார்க்கச் சொன்னார். கூச்சத்தோடு கண்ணை வைத்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. ஆறு மேலே இருந்தது. மரங்கள் தலைகீழாகத் தொங்கின. நடுவில் நீங்கள், கீழே வானத்தில் தலையும் மேலே கால்களுமாக, கட்டையைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பழைய மிஷினில் எல்லாம் கவிழ்ந்துதான் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் பார்க்கிறேன் என்று தெரிந்து நீங்கள் ஒரு கையை ஆட்டினீர்கள். அந்தக் கை கீழ்நோக்கி ஆடியது. மாலையில் வந்து, "எப்படி இருந்தேன்?" என்று கேட்டீர்கள்.

"வௌவால் மாதிரி இருந்தீங்ணா."

அதற்குப் பிறகு கேம்ப்பில் உங்களுக்கு அதுதான் பெயர். சார்கூட ஒருமுறை, "அந்த வௌவாலக் கூப்புடு" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து மேசையில் அந்தத் தாள்களை வைத்து, அடியிலுள்ள கோடு தெரியும் டிரேசிங் தாளை மேலே ஒட்டி, கீழே மலையடிவாரத்திலிருந்து கோடு எடுத்துக்கொண்டு வந்தேன். கோடுகள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் எல்லாம் ஒன்றுபோல மேல்நோக்கி வளைகின்றன. தண்ணீர் வரும் திசையை ஒவ்வொன்றும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுபோல. ஜெயாக்காவுக்கு அது கோடு. எனக்கு அப்படி இல்லை. இந்த மேட்டில் உங்கள் செருப்பு அறுந்தது. இந்த வளைவில் யானைச் சாணம் சூடாகக் கிடந்தது, அன்று எல்லோரும் மூச்சுக் காட்டாமல் திரும்பினோம். இந்தத் திட்டில் நீங்கள் எனக்கு நெல்லிக்காய் பறித்துப் போட்டீர்கள். அங்கே இப்போது ஓர் எண் இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்த அரிசியையே மறுபடி களைந்தார். பிறகு, "அதுல என்ற அடுப்பு இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்ம்மா. ஆறும் மலையுந்தான்."

"அப்பறம் என்ன மேப்பு அது" என்று சொல்லிவிட்டு, களைந்த தண்ணீரைக் கொட்டுவதற்காக வெளியே போனார். அரிசியும் சேர்ந்து கொட்டிவிட்டது.

உங்களுக்குக் குளிர் ஜுரம் வந்த முதல் நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அருவிக்குக் கீழே வரை வந்திருந்தோம். மழைக்கு முன் அருவிக்கு மேலேயும் அளந்துவிட வேண்டும் என்று சார் அவசரப்பட்டார். உங்களால் எழ முடியவில்லை. செடி வெட்டுகிறவர்கள் முன்னால் போயாக வேண்டும். மணியண்ணன் ஜீப்பை விட்டு வரமாட்டார். எல்லோரும் யோசித்துக்கொண்டு நிற்கையில் நீங்கள் கம்பளிக்குள்ளிருந்து சொன்னீர்கள், "அம்மணி நிப்பா சார்."

நான் சமையல் கூடாரத்துக்குள் ஓடிவிட்டேன். நீங்கள் கம்பளியோடு எழுந்து வந்தீர்கள். வாசலில் உட்கார்ந்தீர்கள்.

"நான் மாட்டேனுங்ணா. அவரு என்னையவே பாத்துட்டு இருப்பாரு."

"பைத்தியம், உன்னைய எங்க பாக்கறாரு? நம்பரப் பாக்கறாரு. அதுலீமு நீ தலைகீழாத் தெரிவே. நல்லா இருக்கறயா, அசிங்கமா இருக்கறயா, ஆருக்குத் தெரியும்? வௌவால்ல என்ன அழகு வேண்டிக் கெடக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் போனேன். நீங்களும் கூடவே வந்து ஒரு மரத்தடியில் சுருண்டு உட்கார்ந்தீர்கள்.

கட்டையை என் கையில் வாங்கியதும் பார்த்தேன், எண்கள் எல்லாம் தலைகீழாக எழுதியிருந்தன. யாரோ அவசரத்தில் தப்பாக நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்தவள் அல்லவா? எண் நேராக இருக்கும்படி கட்டையைக் கவிழ்த்து, அடியிலிருக்க வேண்டிய இரும்புப் பூண் வானத்தைப் பார்க்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். சார் கண்ணை வைத்தார், எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். பிறகு அங்கிருந்தே கத்தினார், "ஏம்மா! மலை பாதாளத்துக்குப் போயிருச்சு!"

மிஷினே எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டுவதால், எண்ணையும் கவிழ்த்து எழுதினால்தான் அவருக்கு நேராகத் தெரியும் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. நீங்கள் மரத்தடியில் சிரித்துச் சிரித்து, இருமி, கண்ணில் நீர் வர, மறுபடி சிரித்தீர்கள். "என்ற தங்கச்சி மலையவே திருப்பி வெச்சுப்போட்டா சார்!" நான் வெட்கத்தில் செத்தேன். இப்போது அந்தச் சிரிப்பு மட்டும் இன்னொருமுறை கேட்குமென்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டையைக் கவிழ்த்துப் பிடிப்பேன்.

அன்று நீங்கள்தான் ஆட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். கட்டையை அசையாமல் பிடிக்கக் கூடாது, முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்ட வேண்டும். அது சரியாக நேரே நிற்கும் ஒரு கணத்தில்தான் எண் மிகக் குறைவாகத் தெரியும். சார் அதைப் பிடித்து எழுதுவார். "தொட்டில்ல புள்ளைய ஆட்டற மாதிரி. தூங்கற புள்ள எந்திரிக்கக் கூடாது" என்றீர்கள். அருவிச் சத்தத்தில் குரல் எடுபடாது. அதனால் எழுதி முடித்ததும் சார் கையைத் தூக்குவார். கை தூக்கினால்தான் அந்த இடம் முடிந்தது. அதுவரை நகரக் கூடாது.

ஜுரம் விடவில்லை. மூன்றாவது நாள் உங்களுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவாகி, ஜீப்பின் பின்னால் மெத்தை போட்டார்கள். அம்மா ஏறினார். நானும் ஏறக் காலை வைத்தேன். கேம்ப்பில் அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும், கட்டைக்கும் ஆள் வேண்டும், மேகம் வேறு கட்டுகிறது என்று சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"நீ இரு அம்மணி. சார் கையத் தூக்கற வரைக்கும் ஆட்டீட்டே இரு. ரெண்டு நாள்ல வந்து நானே வாங்கிக்கறேன்."

"வந்துருவீங்களாங்ணா?"

"வாராம? நீ மலையத் திருப்பி வெச்சா ஆரு நேரா வெக்கறது?"

ஜீப் திரும்பும்போது உங்கள் கால் மட்டும் கம்பளிக்கு வெளியே தெரிந்தது. அம்மா அதை மூடினார். அதுதான் நான் பார்த்தது.

அந்த இரண்டு நாளும் நான் நன்றாகத்தான் நின்றேன் அண்ணா. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. வழுக்குப் பாறையில், முழங்கால் தண்ணீரில், அட்டை ஏறும் காலோடு. சார் ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும் உங்களுக்குச் சொல்ல ஒரு கதை சேர்ந்தது. அருவியின் அடியில் ஒரு சப்பட்டைப் பாறை இருக்கிறதே, அதில் ஏறிக் கட்டையை நட்டேன். சார் என் திசையைப் பார்த்துத் தாளில் குறி போட்டார். பிறகு எண்ணைப் படிக்கக் குனிந்தார். நான் ஆட்டத் தொடங்கினேன்.

அப்போது மூங்கிலுக்குள்ளிருந்து மணியண்ணன் வந்தார். தனியாக வந்தார். சாரிடம் ஏதோ சொன்னார். சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. சார் மிஷினிலிருந்து நிமிர்ந்தார். தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கை தூக்கவில்லையே, எப்படி நிறுத்துவது? சார் கையைத் தூக்கவே இல்லை அண்ணா. மிஷினை அப்படியே விட்டுவிட்டு, பாறை பாறையாகக் கால் வைத்து, அவரே என்னிடம் நடந்து வந்தார். பக்கத்தில் வந்து, என் இரண்டு கையையும் கட்டையிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

அதற்குப் பிறகு யாரும் அருவிக்கு மேலே போகவில்லை. மறுநாள் கூடாரத்தைப் பிரித்தார்கள். அடுத்த நாள் மழை இறங்கிவிட்டது.

என் கை நடுங்காது என்று சொல்லி, சார்தான் பிற்பாடு என்னை இந்தக் கடையில் சேர்த்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு இப்போது மகன் வீட்டோடு இருக்கிறாராம்.

நேற்று முன்தினம் கடைசித் தாளுக்கு வந்தேன். அருவி. சப்பட்டைப் பாறை. அங்கே பென்சிலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பக்கத்தில் எண் இல்லை. மற்ற எல்லாக் குறிக்கும் பக்கத்தில் உயரம் எழுதியிருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை. முழுக்கோடுகள் எல்லாம் அதற்குச் சற்று முன்னால் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே மலை புள்ளிப் புள்ளியாகப் போகிறது. ஆள் போய் நிற்காத இடத்தை, தூரத்திலிருந்து கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடும்போது அப்படித்தான் போடுவார்கள்.

நான் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தேன். ஓனர் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இதென்ன அம்மணி, இந்த மூலை மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது? வேல குடுத்த பார்ட்டி போன் பண்ணுனாங்க, எல்லாம் முழுக்கோடா வேணுமாம். பாக்க நல்லா இருக்கோணுமாம். புள்ளியெல்லாம் சேத்து இழுத்துரு."

இந்தக் கடையில் நான் "சரிங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. அன்றும் நாக்கு நுனிவரை அதுதான் வந்தது. இழுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை. கோடு அழகாகச் சேர்ந்துவிடும். அணை கட்டுகிறவர்கள் அருவிக்கு மேலேயும் யாரோ கட்டையோடு போய் நின்றார் என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்கள் திரும்பி வந்து, என் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டு, மேலே ஏறிப் போனதாக ஆகிவிடும். ஒரு கணம் எனக்கு அப்படி இழுத்துவிட ஆசையாகக்கூட இருந்தது அண்ணா. தாளிலாவது நீங்கள் போயிருக்கலாம்.

ஆனால் நீங்கள் நிற்கவில்லையே.

எழுந்து நின்றேன். மைப் பேனாவை மூடி வைத்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அவர்களுக்கு நான் தலைகீழாகத்தான் தெரிகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் குரல்தான் அது. முதுகு தானாக நேரானது.

"வேண்டாமுங்க. அங்க ஆரும் நிக்கலீங்க" என்றேன்.

ஓனர் ஜெயாக்காவைப் பார்த்தார். "அட, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமா?"

"அந்தப் பாறை வரைக்கும் நான் நின்னேனுங்க. அதுக்குக் கீழ எங்கண்ணன் நின்னாருங்க. மேல போறதுக்குள்ள அவரு…" விரலால் அந்தக் குறியைத் தொட்டுக் காட்டினேன்.

ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "விட்டுரு. புள்ளியாவே இருக்கட்டும். சர்வே பண்ணுனவரு போட்டத நாம மாத்துனா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும்." பிறகு பிரிண்ட் அறைப் பக்கம் போகும் வழியில் நின்று, "சாப்புட்டயா கண்ணு?" என்று கேட்டார். இதுவரை கேட்டதில்லை.

எண் இல்லாத குறியை டிரேசிங்கில் எடுப்பதில்லை, அது எங்கள் வேலையில் வழக்கம். நானும் எடுக்கவில்லை. அது பென்சில் தாளிலேயே சுருண்டு, தார்ப்பாய்க்குள் போய்விட்டது. புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாக, பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்து முடித்தேன். இன்று மத்தியானம் பிரிண்ட் ஈரமாக வெளியே வந்தது. அமோனியா நெடியில் கண் எரிந்ததாக ஜெயாக்காவிடம் சொன்னேன். அவரும் நம்பியதுபோல இருந்துகொண்டார்.

மாலையில் கணபதி போகும் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "ஏனம்மணி, மயக்கமா வருதா? ஆடீட்டே இருக்கறியே?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அன்று சார் கையைத் தூக்கவில்லை அண்ணா. நீங்களும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. தூங்கும் பிள்ளை எழுந்துவிடாதபடி மெதுவாகத்தான் ஆட்டுகிறேன்.

உங்கள் தங்கை